பழி யார் மேல்? இரத்த நோய்களை ஆராய்ந்த ஹால்டேன்

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவம் என்று ஆண்டவரிடம் கேட்டார்கள். நம் ஊர்களில் அந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை. இரத்த நோயோடு ஒரு குழந்தை பிறந்தால், பழி முதலில் மருமகள் மேல்தான் விழுகிறது. அந்தப் பழிக்கு இடமில்லை என்பதை நாம் உணர உதவுபவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். அவர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர். அதை மறைத்ததும் இல்லை. இருந்தாலும் அவரை நாம் அறிந்திருப்பது நல்லது.

1892ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் பிறந்தார். தந்தை சுரங்க நச்சுக் காற்றை ஆராய்ந்தவர். ஹால்டேனும் பின்னாளில் தம் உடலையே சோதனைக்கு உட்படுத்தினார். அறிவியலில் அவருக்குப் பட்டம் கிடையாது. கணிதமும் பழைய மொழி இலக்கியமும்தான் படித்தார். முதல் உலகப் போரில் காயமடைந்து, சிகிச்சைக்காக இந்தியா வந்தபோது இந்நாட்டின் மேல் பற்றுக் கொண்டார்.

ஹீமோபிலியா என்ற இரத்தம் உறையாத நோய் பெரும்பாலும் தாய் வழியாக ஆண்பிள்ளைகளுக்கு வருகிறது. அக்காலத்தில் நோயுற்றோர் பலர் பிள்ளை பெறும் முன்பே இறந்தார்கள். அப்படியானால் நோய் எப்போதோ மறைந்திருக்க வேண்டுமே? மறையவில்லை என்றால், மரபணுவில் புதிதாக மாற்றம் நிகழ்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்று ஹால்டேன் கணித்தார். ஒரு தலைமுறையில் ஏறத்தாழ 50,000இல் ஒன்று என 1935இல் அளவும் சொன்னார். குடும்பத்தில் முன்பு யாருக்கும் இல்லாத நோய் ஒரு குழந்தைக்கு வரலாம். அதில் எவர் தவறும் இல்லை. இதைப் பெற்றோரிடம் எத்தனை முறை சொன்னாலும் தகும்.

தலசீமியா பற்றி அவர் சொன்னது இன்னும் வியப்பானது. இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் குழந்தைக்குக் கடும் இரத்தசோகை. பலருக்கு வாழ்நாள் முழுவதும் இரத்தம் ஏற்ற வேண்டும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரிய துன்பமில்லை. மத்தியதரைக் கடல் நாடுகளில் இந்நோய் ஏன் இவ்வளவு பரவலாக இருக்கிறது? ஒற்றை மரபணு உள்ளவர்களை மலேரியா அவ்வளவாகத் தாக்குவதில்லை போலும் என்று 1948இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் எடுத்துரைத்தார். அது அப்போது ஊகம்தான். அரிவாள் செல் மரபணுவில் இதே பாதுகாப்பு இருப்பதை 1954இல் ஆலிசன் ஆப்பிரிக்காவில் காட்டினார். நம் நீலகிரிப் பழங்குடியினரிடம் அந்த அரிவாள் செல் பண்பு இருப்பது 1952இலேயே அறியப்பட்டிருந்தது. சாபம் என்று நாம் ஒதுக்குவது, முன்னோரைக் காய்ச்சலிலிருந்து காத்த கவசமாக இருந்திருக்கிறது!

1957இல் மனைவி ஹெலன் ஸ்பர்வேயுடன் கல்கத்தாவுக்கு வந்து இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். பின்னர் இந்தியக் குடிமகனும் ஆனார். வேட்டி ஜிப்பா உடுத்தினார், புலால் விட்டார். கோபக்காரர்தான், கருத்து வேறுபாட்டால் அந்நிறுவனத்தை விட்டு விலகிப் புவனேசுவரம் சென்றார். இங்கே அவரைக் கவர்ந்தவற்றுள் ஒன்று உறவுமுறைத் திருமணம். அவருடைய மாணவர் துரோணம்ராஜு ஆந்திரக் குடும்பங்களில் இதை ஆராய்ந்தார்.

பெண்ணாடம் பக்கமும் அக்காள் மகளை, மாமன் மகளைக் கட்டுவது புதிதல்ல. திருச்சபைச் சட்டம் இதற்குத் தடை வைத்திருக்கிறது. ஆயரிடம் விலக்குக் கேட்டுப் பங்குத்தந்தையிடம் வருகிறார்கள். ஒரே முன்னோரிடமிருந்து ஒரே பழுது இருவருக்கும் வந்திருக்க வாய்ப்பு அதிகம். இருவருமே தலசீமியா மரபணு உடையவர்கள் என்றால், ஒவ்வொரு பேறுகாலத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. ஓலை எழுதும் முன்பே இருவரும் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் இது தெரிந்துவிடும். சொந்தத்தில் கட்டுபவர்களிடம் இதை நாம் வற்புறுத்தியே சொல்கிறோம்.

புற்றுநோய் கண்டபோது ஹால்டேன் மருத்துவமனையில் அதைப் பற்றியே நகைச்சுவைக் கவிதை எழுதினார். 1964 டிசம்பர் 1ஆம் நாள் புவனேசுவரத்தில் இறந்தார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு, மாணவர்கள் படிப்பதற்காக அனுப்பப்பட்டது.