நுண்ணலை கண்ட ஜகதீச சந்திர போஸ்

வானொலி என்றவுடன் மார்க்கோனியின் பெயரை உரைக்கும் நம் மாணவர், நுண்ணலை என்றவுடன் உரைக்கவேண்டிய பெயரை அறிந்திலர். அப்பெயர்க்குரியவர் வங்கம் ஈன்ற ஜகதீச சந்திர போஸ் ஆவார்.

அவர் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் மைமன்சிங்கில் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திரர் அரசாங்க உத்தியோகத்தர். உத்தியோகத்தர் மக்கள் ஆங்கிலப் பள்ளியையே நாடிய அக்காலத்தில், அவர் தம் மைந்தனை வங்காளப் பாடசாலைக்கே அனுப்பினார். அங்கு வாங்கில் அவருக்கு ஒருபுறம் தந்தையாரின் முஸ்லிம் சேவகர் ஒருவரின் மகனும், மறுபுறம் மீனவர் மகனும் அமர்ந்திருந்தனர். எல்லாச் சமயத்தவரும் வாழும் நம் கீழ்மாகாணத்தார்க்கு இச்செய்தி புதிதாய்த் தோன்றாது.

கேம்பிரிட்ஜில் ரேலி பிரபுவிடம் பயின்று மீண்ட போஸ், 1885இல் கல்கத்தாப் பிரசிடென்சிக் கல்லூரியிற் பௌதிகம் கற்பிக்கலானார். ஆங்கிலேயர் பெற்ற சம்பளத்தில் மூன்றில் இரு பங்கே இந்தியர்க்கு அளிக்கப்பட்டது. தற்காலிக நியமனம் என்பதால் அதிலும் பாதியே அவருக்கு வாய்த்தது. அவர் சண்டையிட்டாரல்லர், வேலையையும் விட்டாரல்லர். மூன்றாண்டுகள் ஒரு சதமும் பெறாது கற்பித்தார். ஈற்றில் அரசாங்கமே இணங்கி முழுச் சம்பளத்தையும் நிலுவையோடு வழங்கிற்று. அப்பணம் தந்தையாரின் கடனை அடைக்கச் சென்றது.

ஆராய்ச்சிக்கென ஒரு சிற்றறையே அவருக்கு இருந்தது. பயிற்சியில்லாத் தகரவேலைக்காரர் ஒருவரைத் தாமே பழக்கி, தம் கைப்பொருள் கொண்டு உபகரணங்களைச் செய்வித்தார். ஹேர்ட்ஸ் என்னும் ஜெர்மானியர் 1888இல் ஆண்ட மின்னலைகள் பெரியவை. அவற்றை வளைக்கவும் முறிக்கவும் பெருங்கருவிகள் வேண்டும். அலையைச் சிறிதாக்கினால் கருவியும் சிறிதாகும் என்பதே போஸ் கண்ட சூட்சுமம். ஆகவே ஐந்து மில்லிமீற்றர் அலைவரை இறங்கினார். அஃது ஏறத்தாழ 60,000 மெகாஹேர்ட்ஸ் ஆகும். அலையைக் குழாய் வழியே செலுத்தினார். புனல்போன்ற கொம்பினால் ஏற்றார். முறுக்கிய சணலும், தாள்களிடையே உலோகத்தகடு செருகிய இரயில் நேர அட்டவணைப் புத்தகமும் அவர் கையில் ஆராய்ச்சிக் கருவிகளாயின! 1895 அளவிற் கல்கத்தா நகர மண்டபத்தில், இடையிலிருந்த சுவர்களை ஊடுருவிய அலைகொண்டு அப்பாலுள்ள மணியை ஒலிப்பித்தார், வெடிமருந்தையும் கொளுத்தினார். 1897இல் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அக்கருவிகளைக் காட்டி விளக்கினார்.

வானொலியை அவரே கண்டார் என மிகைபடக் கூறுவோர் உளர். அது நேர்மையன்று. நுண்ணலை மலையையும் பூமியின் வளைவையும் எளிதிற் கடவாது. தொலைதூரச் செய்திக்கு நீண்ட அலையை நாடிய மார்க்கோனியின் வழியையே உலகம் பின்பற்றிற்று. இரண்டாம் உலகப் போரில் ராடார் வேண்டப்பட்டபோதுதான் நுண்ணலை மீண்டும் பெருமை பெற்றது.

இன்று அமெச்சூர் வானொலியார் பலர் வீட்டிலேயே டிரான்ஸ்வேர்ட்டர் என்னும் அலைமாற்றியை அமைக்கின்றனர். 144 மெகாஹேர்ட்ஸ் கருவியின் அலையை 10,224 மெகாஹேர்ட்ஸ் அலையோடு கலந்து, 10,368இற்கு உயர்த்தி அனுப்புவர். வருவதை அவ்வாறே தாழ்த்திக் கேட்பர். மூன்று சென்ரிமீற்றர் அளவுள்ள அவ்வலைக்குச் செப்புக்குழாய்த் துண்டும் தகரக் கொம்புமே போதும். அளவுகளைத் திருத்தமாகக் கொடுத்தால், வரிப்பத்தான்சேனையிலோ கல்முனையிலோ தகரம் ஒட்டும் ஒருவர் அக்கொம்பைச் செய்துவிடுவார். (அனுமதிப்பத்திரமின்றி அலை பரப்பலாகாது என்பதை இளைஞர் மறவாதிருக்க.) அவ்வாறு செய்வோர் கையாள்வது போஸ் வகுத்த முறையையே.

கண்டவற்றை விலைப்படுத்த அவர் விரும்பவில்லை. நண்பர்கள் வற்புறுத்தியமையால், கலீனாக் கனிமத்தால் அலையை அறியும் கருவிக்கு 1904இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதனையும் காலாவதியாகவே விட்டார். பின்னர் அவர் உள்ளம் தாவரங்களின் பாற் சென்றது. அது தனியே எழுதத்தக்க கதை. 1917இல் தம் பிறந்தநாளிற் கல்கத்தாவில் ஆராய்ச்சி நிலையமொன்றை நிறுவினார். 1920இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1937 நவம்பர் 23இல் கிரிடியில் மறைந்தார். அவர் கைவழக்கில் இருந்த கொம்புகளும் குழாய்களும் அந்நிலையத்திற் பேணப்பட்டுள்ளன.