ஜானகி அம்மாள்

எடவலத் கக்கட் ஜானகி அம்மாள் (நவம்பர் 4, 1897 – பெப்ரவரி 7, 1984) இந்தியாவின் முன்னோடித் தாவரவியலாளர்களுள் ஒருவர். உயிரணு மரபியல், தாவரப் புவியியல், இனத்தாவரவியல் ஆகிய துறைகளில் ஆய்வு செய்தவர். குரோமோசோம்கள் எனப்படும் நிறப்புரிகளைத் தாவரங்களின் உயிரணுக்களில் எண்ணி ஒப்பிட்டு, பயிர்களுக்கும் அவற்றின் காட்டு உறவினங்களுக்கும் இடையேயுள்ள தொடர்பை ஆராய்ந்தது இவரது முதன்மையான பணியாகும். சி. டி. டார்லிங்டனுடன் இணைந்து 1945 ஆம் ஆண்டில் இவர் வெளியிட்ட, பயிரிடப்படும் தாவரங்களின் நிறப்புரி எண்களைத் தொகுத்த நூல் உலக அளவில் அறியப்பட்டது. சென்னையில் கல்வி பயின்று, ஆசிரியராகப் பணியாற்றிய இவர், தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளையும் சென்னையை ஒட்டியே கழித்தார்.

இளமையும் கல்வியும்

ஜானகி அம்மாள் அன்றைய சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த தலச்சேரியில் பிறந்தார். தந்தை இ. கே. கிருஷ்ணன் நீதித்துறையில் பணியாற்றியவர். இயற்கை அறிவியலில் ஈடுபாடு கொண்டவர். பல பிள்ளைகள் இருந்த பெரிய குடும்பம் அது. பெண்களுக்கு இளவயதிலேயே திருமணம் செய்து வைப்பது வழக்கமாக இருந்த அக்காலத்தில், ஜானகி அம்மாள் கல்வியைத் தேர்ந்தெடுத்தார். இவர் இறுதிவரை திருமணம் செய்து கொள்ளவில்லை.

தலச்சேரியில் பள்ளிக் கல்வியை முடித்த பின்னர் சென்னைக்கு வந்து, மயிலாப்பூர் கடற்கரையை ஒட்டியுள்ள இராணி மேரி கல்லூரியில் சேர்ந்தார். 1914 இல் தொடங்கப்பட்ட இக்கல்லூரி சென்னை நகரின் முதல் மகளிர் கல்லூரியாகும். பட்டம் பெற்ற பின்னர் அதே கடற்கரைச் சாலையில் உள்ள மாநிலக் கல்லூரியில் பயின்று, 1921 இல் தாவரவியலில் சிறப்புப் பட்டம் பெற்றார். அதன்பின் நுங்கம்பாக்கத்தில் உள்ள மகளிர் கிறித்துவக் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றினார்.

அங்குப் பணியாற்றும்போது, ஆசியப் பெண்களுக்கென ஏற்படுத்தப்பட்டிருந்த பார்பர் உதவித்தொகை இவருக்குக் கிடைத்தது. ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றுச் சென்னைக்குத் திரும்பினார். மீண்டும் அங்கு சென்று, எச். எச். பார்ட்லெட் என்னும் தாவரவியலாளரின் வழிகாட்டலில் ஆய்வு செய்து 1931 இல் முனைவர் பட்டம் பெற்றார். அந்நாட்டில் தாவரவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்ணாக இவர் கருதப்படுகிறார். 1932 முதல் 1934 வரை திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார்.

நிறப்புரி எண்ணும் மரபும்

ஜானகி அம்மாளின் ஆய்வுகளைப் புரிந்துகொள்ள நிறப்புரிகளைப் பற்றிய சில அடிப்படைச் செய்திகள் தேவை. ஓர் உயிரினத்தின் மரபுச் செய்தி முழுவதும் அதன் மரபணுத்தொகுதி எனப்படும். இது உயிரணுக்கருவில் நிறப்புரிகளாகப் பிரித்து அடுக்கப்பட்டுள்ளது. நெல்லில் 24, மக்காச்சோளத்தில் 20, மனிதனில் 46 என ஒவ்வோர் இனத்திலும் நிறப்புரிகளின் எண்ணிக்கை பொதுவாக நிலையானது. இவை இணைகளாக உள்ளன. குன்றல் பகுப்பின்போது ஒவ்வோர் இணையும் பிரிந்து, பாதி எண்ணிக்கை மட்டுமே பாலணுவுக்குச் செல்கிறது. தாயிடமிருந்து ஒரு பாதியும் தந்தையிடமிருந்து ஒரு பாதியும் சேர்ந்து புதிய உயிரி உருவாகிறது.

தாவரங்களில் சில வேளைகளில் முழுத் தொகுதியும் இரு மடங்காகவோ அதற்கு மேலாகவோ பெருகிவிடும். இந்நிலை பன்மடியம் எனப்படும். ரொட்டிக் கோதுமையின் 42 நிறப்புரிகள் மூன்று வெவ்வேறு புல்லினங்களிலிருந்து வந்து சேர்ந்தவை. நாம் உண்ணும் வாழை வகைகளுள் பெரும்பாலானவை மும்மடியங்கள்; மூன்று தொகுதிகளைச் சீராக இரண்டாகப் பிரிக்க இயலாமையே அவை விதையற்று இருப்பதற்கு ஒரு முக்கியக் காரணமாகும். எனவே, ஒரு தாவரத்தின் நிறப்புரி எண்ணை அறிந்தால், அதன் முன்னோர் யாவை, அதை எதனுடன் கலப்பு செய்யலாம், கலப்பினம் விதை தருமா என்பவற்றை ஓரளவு கணிக்க முடியும்.

டி. என். ஏ.யின் கட்டமைப்பு 1953 இல்தான் கண்டறியப்பட்டது. அதற்கு முன் நிறப்புரிகளை நுண்ணோக்கியில் எண்ணி, அவற்றின் வடிவங்களை ஒப்பிடுவதே உயிரினங்களின் மரபணுத்தொகுதிகளை ஒப்பிடும் முக்கிய வழியாக இருந்தது. இது எளிய வேலையன்று. மனித நிறப்புரிகள் 48 என்றே பல ஆண்டுகள் நம்பப்பட்டு, 1956 இல்தான் 46 எனத் திருத்தப்பட்டது என்பதிலிருந்து இதை உணரலாம்.

கோயம்புத்தூரில் கரும்பு ஆய்வு

1934 இல் ஜானகி அம்மாள் கோயம்புத்தூரிலுள்ள கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில் மரபியலாளராகச் சேர்ந்தார். வட இந்தியாவில் கரும்பு எளிதில் பூத்து விதை தருவதில்லை. கோயம்புத்தூரின் தட்பவெப்பத்தில் அது நன்கு பூப்பதால் இந்நிறுவனம் 1912 இல் அங்கு அமைக்கப்பட்டது.

தடித்த தண்டும் மிகுந்த இனிப்பும் கொண்ட கரும்பினத்தில் 80 நிறப்புரிகள் உள்ளன. இதன் உறவினமான, நாணல் போன்ற காட்டுக்கரும்பில் இனிப்பு மிகக் குறைவு. ஆனால் நோயையும் வறட்சியையும் தாங்கும் ஆற்றல் அதற்கு உண்டு. இவ்விரண்டையும் கலந்து உருவாக்கப்பட்டு 1918 இல் வெளியிடப்பட்ட கோ 205 என்னும் வகை, வட இந்தியக் கரும்பு வேளாண்மையில் பெரும் மாற்றத்தை ஏற்படுத்தியிருந்தது.

இக்கலப்பில் ஒரு வியப்பான மரபு நிகழ்வு உண்டு. கோயம்புத்தூர்ப் பகுதிக் காட்டுக்கரும்பில் 64 நிறப்புரிகள் உள்ளன. பொது விதிப்படி கலப்பினத்தில் 40 உம் 32 உம் சேர்ந்து 72 நிறப்புரிகள் இருத்தல் வேண்டும். ஆனால் கோ 205 இல் இருப்பவை 112 ஆகும். அதாவது, தாயாகிய கரும்பு தன் பாதியை அன்றி 80 நிறப்புரிகளையும் முழுமையாக வழங்கியுள்ளது. கரும்பின் இவ்வியல்பை 1920களில் சாவகத்தில் பணியாற்றிய டச்சு ஆய்வாளர்கள் முதலில் விளக்கினர்.

ஜானகி அம்மாள் காட்டுக்கரும்பின் பல வடிவங்களில் நிறப்புரிகளை எண்ணினார். இடத்துக்கு இடம் அதன் எண்ணிக்கை பெரிதும் வேறுபடுவது தெரியவந்தது. இன்று 40 முதல் 128 வரையிலான எண்கள் இவ்வினத்தில் அறியப்பட்டுள்ளன. இந்த ஆய்வுகளின் அடிப்படையில் காட்டுக்கரும்பின் தாயகம் இந்தியாவே என அவர் கருதினார். மேலும், கரும்பைச் சோளம், மக்காச்சோளம், தருப்பை இனத்தைச் சேர்ந்த புல் முதலிய வேறு பேரினங்களுடனும் கலப்பு செய்தார். கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் பிறந்த கலப்பினத்தைப் பற்றிய இவரது குறிப்பு 1938 இல் நேச்சர் இதழில் வெளியானது. பேரினங்களுக்கு இடையிலான கலப்பினங்களைப் பற்றிய விரிவான கட்டுரை 1941 இல் மரபியல் ஆய்விதழில் வெளிவந்தது. இக்கலப்பினங்கள் வயலில் பயிரிடுவதற்கு உகந்தவையாக அமையாவிடினும், தொலைவான உறவினங்களின் மரபணுத்தொகுதிகளும் ஓர் உயிரணுவில் சேர்ந்து இயங்கக்கூடும் என்பதைக் காட்டின.

சி. வி. இராமன் நிறுவிய இந்திய அறிவியல் கழகம் 1935 இல் இவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. எனினும் பணியிடத்தில் பெண் என்பதாலும் சாதியாலும் இவர் பாகுபாடுகளை எதிர்கொண்டதாக இவரது வாழ்க்கையை ஆராய்ந்தோர் குறிப்பிட்டுள்ளனர்.

இங்கிலாந்தில்

1939 இல் எடின்பரோ நகரில் நடைபெற்ற ஏழாவது பன்னாட்டு மரபியல் மாநாட்டில் கலந்துகொள்ள ஜானகி அம்மாள் பிரித்தானியா சென்றார். அவ்வேளையில் இரண்டாம் உலகப் போர் மூண்டதால் அங்கேயே தங்க நேர்ந்தது. 1940 முதல் 1945 வரை இலண்டனை அடுத்த மெர்ட்டனில் இருந்த சான் இன்னசு தோட்டக்கலை நிறுவனத்தில் உயிரணுவியலாளராகப் பணியாற்றினார்.

போர்க் காலத்தில் அங்கு டார்லிங்டனும் இவரும் தொகுத்த நூல் 1945 இல் வெளியானது. உணவு, நார், மருந்து, அழகு எனப் பல பயன்களுக்காக மனிதர் வளர்க்கும் தாவரங்களின் நிறப்புரி எண்களை, அவற்றின் பயன், தோன்றிய இடம் ஆகியவற்றுடன் இந்நூல் வரிசைப்படுத்தியது. பல நாடுகளில் சிதறிக் கிடந்த எண்ணிக்கைகளை ஓரிடத்தில் சேர்த்ததன் மூலம், வெவ்வேறு குடும்பத் தாவரங்களை ஒப்பிட்டு நோக்க இது வழிசெய்தது. இதன் விரிவாக்கப்பட்ட பதிப்பு, டார்லிங்டனும் வைலியும் ஆசிரியர்களாக இருக்க, 1955 இல் வெளிவந்தது.

பின்னர் 1951 வரை விசுலியில் உள்ள அரச தோட்டக்கலைக் கழகத்தில் பணிபுரிந்தார். அங்குக் கால்ச்சிசின் என்னும் வேதிப்பொருளின் விளைவுகளை ஆராய்ந்தார். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் உள்ள இப்பொருள், உயிரணுப் பகுப்பின்போது நிறப்புரிகள் பிரிந்து செல்வதைத் தடுத்து அவற்றை இரட்டிப்பாக்குகிறது. இம்முறையில் மக்னோலியா நாற்றுகளையும் பன்மடியங்களாக்கினார். அவற்றுள் வெள்ளை மலர்களைத் தரும் ஒரு வகைக்கு இவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது.

தாயகம் திரும்புதல்

இந்தியத் தாவரவியல் அளவாய்வகத்தை மறுசீரமைப்பதற்காகப் பிரதமர் ஜவகர்லால் நேரு விடுத்த அழைப்பை ஏற்று, ஜானகி அம்மாள் 1951 இல் இந்தியா திரும்பினார். 1952 இல் இதற்கெனச் சிறப்பு அலுவலராக அமர்த்தப்பட்டார். அலகாபாத்தில் மத்தியத் தாவரவியல் ஆய்வகத்துக்குத் தலைமை தாங்கினார். ஜம்முவிலுள்ள மண்டல ஆய்வகத்திலும் பணியாற்றினார்.

இமயமலைத் தாவரங்களைப் பற்றிய இவரது கருத்து குறிப்பிடத்தக்கது. குளிரும் வறட்சியும் மிக்க வடமேற்கு இமயமலையைவிட, குளிரும் ஈரமும் மிக்க வடகிழக்கு இமயமலையில் புதிய தாவர இனங்கள் மிகுதியாகத் தோன்றுவதற்குப் பன்மடியம் ஒரு காரணம் என்று இவர் கூறினார். சீன, மலேயப் பகுதித் தாவரங்கள் இந்தியத் தாவரங்களுடன் அங்குச் சந்தித்து இயற்கையாகக் கலப்பதும் அப்பகுதியின் வளத்துக்குக் காரணம் என்பது இவரது முடிவு. கோயம்புத்தூர் ஆய்வு வயல்களில் மனிதர் செய்த கலப்பை, காடுகளில் இயற்கை நெடுங்காலமாகச் செய்து வருவதை இவ்வாய்வுகள் புலப்படுத்தின.

1955 இல் பிரின்ஸ்டனில், புவியின் தோற்றத்தை மாற்றுவதில் மனிதனின் பங்கு பற்றிய பன்னாட்டுக் கருத்தரங்கு நடைபெற்றது. அதில் பங்கேற்ற ஒரே பெண் இவராவார். இந்தியப் பழங்குடியினரின் தன்னிறைவுப் பொருளியல், அவர்கள் அறிந்த தாவரங்கள் ஆகியவற்றைப் பற்றி அங்கு உரையாற்றினார்.

சென்னையில் இறுதி ஆண்டுகள்

1970 இல் ஜானகி அம்மாள் சென்னையில் குடியேறி, சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தில் தகைசால் அறிவியலாளராகச் சேர்ந்தார். இம்மையம் தற்போது பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் இயங்குகிறது. பூவிருந்தவல்லி செல்லும் வழியில் மதுரவாயலில் அமைந்திருந்த மையத்தின் கள ஆய்வகத்திலேயே அவர் தங்கினார். அங்கு மூலிகைத் தோட்டம் ஒன்றை வளர்த்து, மருத்துவத் தாவரங்களையும் இனத்தாவரவியலையும் ஆராய்ந்தார். எளிய வாழ்க்கையை மேற்கொண்டு, எண்பது வயதைக் கடந்த பின்னரும் ஆய்வைத் தொடர்ந்தார்.

1970களின் பிற்பகுதியில், கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழை ஆற்றின் குறுக்கே நீர்மின் அணை கட்டும் திட்டத்துக்கு எதிர்ப்பு எழுந்தது. சிங்கவால் குரங்கின் வாழிடமான இம்மழைக்காட்டைக் காக்கும் இயக்கத்தில் ஜானகி அம்மாளும் இணைந்தார். காடு நீரில் மூழ்கினால் அங்குள்ள தாவரங்களைப் பற்றிய அறிவும் அழிந்துவிடும் என்பதால், அவற்றின் நிறப்புரிகளைக் கணக்கெடுக்கும் ஆய்வை மேற்கொண்டார். பயிர்களைப் புதிதாக உருவாக்கிய ஒருவர் காட்டைக் காக்க முன்வந்தது முரணன்று. கோ 205 க்கு வலிமை தந்தது ஒரு காட்டுப்புல். அத்தகைய உறவினம் அழிந்துவிட்டால் அதன் மரபணுத்தொகுதியை எந்த ஆய்வகத்தாலும் மீண்டும் படைக்க இயலாது.

1984 பெப்ரவரி 7 அன்று மதுரவாயல் ஆய்வகத்தில் ஜானகி அம்மாள் தமது 86 ஆவது வயதில் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

பிற்கால ஆய்வுகளில் கரும்பு

கரும்பின் மரபணுத்தொகுதி மிகவும் சிக்கலானது. இன்றைய கரும்பு வகைகளில் நூற்றுக்கும் மேற்பட்ட நிறப்புரிகள் உள்ளன. அவற்றுள் பெரும்பகுதி இனிப்புக் கரும்பிலிருந்தும், சிறுபகுதி காட்டுக்கரும்பிலிருந்தும் வந்தவை. சில நிறப்புரிகள் இரண்டின் துண்டுகளும் இணைந்து உருவானவை. காட்டுக்கரும்பின் மரபணுத்தொகுதி வரிசை 2018 இலும், பயிரிடப்படும் கலப்பினக் கரும்பாகிய ஆர் 570 இன் வரிசை 2024 இலும் வெளியிடப்பட்டன. மனித மரபணுத்தொகுதியின் வரைவு 2001 இலேயே வெளிவந்துவிட்ட நிலையில், கரும்புக்கு இவ்வளவு காலம் தேவைப்பட்டதற்கு அதன் பன்மடிய அமைப்பே முதன்மைக் காரணமாகும்.

விருதுகளும் நினைவும்

மிச்சிகன் பல்கலைக்கழகம் 1956 இல் இவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. 1977 இல் இந்திய அரசு பத்மசிறீ விருது வழங்கியபோது இவருக்கு வயது 79. இந்திய அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் வகைப்பாட்டியலுக்கான தேசிய விருதொன்றை இவர் பெயரில் வழங்கி வருகிறது. கொடைக்கானலைச் சேர்ந்த ரோசா வளர்ப்பாளர்கள் 2018 இல் தாங்கள் உருவாக்கிய ஒரு புதிய ரோசா வகைக்கு இவரது பெயரைச் சூட்டினர்.