பொன் நிற மருந்து

தஞ்சாவூர்ச் சீமையில் இரண்டு நோய்களைப் பற்றி ஆண்கள் வாய் திறந்ததில்லை.

ஒன்று, வேட்டிக்குள் மறைத்து வைக்கும் ஓதம். கொசுக்கடியால் வரும் யானைக்கால் நோயின் இன்னொரு உருவம் அது. மற்றொன்று, தகாத சேர்க்கையால் வரும் மேக நோய்.

அறுவடை முடியும். கையில் காசு புரளும். வாலிபன் டவுனுக்குப் போவான். ஓர் இரவு புத்தி தடுமாறிவிடும். விடிந்ததும் பயம் பிடித்துக்கொள்ளும். சோறு இறங்காது. தூக்கம் வராது. உடம்பில் ஒரு சிறு கொப்புளம் தெரிந்தாலும் நெஞ்சு படபடக்கும். யாரிடம் சொல்வது? அப்பாவிடமா? மனைவியிடமா? கடைசியில் சந்தையில் கூவி விற்கும் லேகியக்காரனிடம் போவான்.

இந்த இரண்டு நோய்க்கும் மருந்து பிறந்தது ஒரே ஆராய்ச்சிசாலையில்தான். அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் சென்னையில் வைத்தியம் படித்தவர். அவர்தான் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

இரண்டு சாவு

சுப்பாராவ் 1895 ஜனவரி 12-ந் தேதி பீமாவரத்தில் பிறந்தார். அந்த ஊர் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. ஏழைக் குடும்பம். படிப்பில் முதலில் நாட்டம் இல்லை. மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தோற்றார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாம் முறை தேறினார். பிறகு சன்னியாசியாகப் போகிறேன் என்று கிளம்பினார். தாய் சம்மதிக்கவில்லை.

மாமனார் உதவியால் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அந்த நாளில் அண்ணன் தம்பி இருவர் அடுத்தடுத்து மாண்டார்கள். ஓயாத வயிற்றுப்போக்கில் உடம்பை உருக்கிவிடும் 'ஸ்புரூ' என்ற நோய் அது. அப்போது அதற்கு மருந்தே கிடையாது.

காந்தியடிகள் சொன்னார் என்று சுப்பாராவ் கதர் உடுத்தினார். ஆபரேஷன் அறைக்கும் கதர் அங்கியோடு போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. அதனால் எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை. அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டம்தான் கொடுத்தார்கள். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் ஆசிரியரானார்.

1922 அக்டோபரில் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் போய் இறங்கினார். பணம் இல்லை. ஓர் ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்தார். நோயாளிகளின் மலஜலப் பாத்திரம் கழுவுகிற வேலை! பகலில் படிப்பு. ரத்தத்தில் உள்ள பாஸ்பரஸை அளக்க அவரும் பேராசிரியர் ஃபிஸ்கேயும் 1925-ல் ஒரு முறை கண்டார்கள். பாடப் புத்தகங்களில் அது இருவர் பெயராலும் வழங்குகிறது. ஆனாலும் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவருக்கு நிலையான பதவி தரவில்லை. 1940-ல் லெடர்லே மருந்துக் கம்பெனிக்குப் போனார்.

அங்கேதான் யோகம் திறந்தது. சகோதரர்களைக் கொன்ற நோய்க்கு உதவும் போலிக் அமிலம் 1945-ல் செயற்கையாகத் தயாராயிற்று. 1947-ல் 'ஹெட்ரசான்' வந்தது. யானைக்கால் கிருமியின் குஞ்சுகளை ரத்தத்திலேயே அழிக்கும் மாத்திரை அது. வீங்கிய காலை அது பழையபடி ஆக்காது. நோய் பரவாமல் தடுக்கும். யானைக்காலுக்குப் பேர்போன கும்பகோணம் பக்கத்தில் பின்னாளில் வீடு வீடாகக் கொடுத்தது இந்த மாத்திரைதான்.

வயல் மண்ணில் கிடைத்தது

சுப்பாராவிடம் டக்கர் என்ற கிழவர் வேலை பார்த்தார். வயது எழுபதுக்கு மேல். தாவர நிபுணர். வயதாகிவிட்டது என்று பல்கலைக்கழகம் ஓய்வு கொடுத்து அனுப்பிய மனிதர். அவர் பல இடங்களிலிருந்து மண்ணை வரவழைத்துச் சோதித்தார். மிசௌரி பல்கலைக்கழகத்துப் புல் வயலில் எடுத்த ஒரு பிடி மண்ணில், பொன் நிறமான ஒரு நுண்ணுயிர் இருந்தது. அதிலிருந்து எடுத்த மருந்துக்குப் பொன்னின் பெயரையே சூட்டி 'ஆரியோமைசின்' என்றார்கள். மண்ணை நம்பிப் பிழைக்கிற தஞ்சை விவசாயிக்கு இது வியப்பாக இராது.

முதன்முதலில் இதை யாருக்குக் கொடுத்தார்கள் தெரியுமா? அரையாப்பு நோயாளிகளுக்கு!

தகாத சேர்க்கைக்குப் பின் சிறு புண் ஒன்று வந்து தானே ஆறிவிடும். தப்பினோம் என்று நினைக்கும்போது தொடை இடுக்கில் கட்டி கிளம்பும். பென்சிலினுக்கு அது அடங்கவில்லை. நியூயார்க்கில் ஹார்லெம் ஆஸ்பத்திரியில் லூயிஸ் ரைட் என்ற நீக்ரோ இன டாக்டர் 25 நோயாளிகளுக்குப் புது மருந்தைக் கொடுத்தார். குணம் கண்டது. 1948-ல் அந்தச் செய்தி வெளியாயிற்று.

அதே மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்த டாக்சிசைக்ளினைத்தான் இன்றும் அரையாப்புக்கு டாக்டர்கள் கொடுக்கிறார்கள். பறங்கிப்புண்ணுக்குப் பென்சிலின் ஊசி இருக்கிறது. இந்தப் புண் சேர்க்கை நடந்து சுமார் மூன்று வாரத்தில் வரும். சிலருக்கு 90 நாள் கூட ஆகும். வலிக்காது. மருந்தே இல்லாமல் ஆறும். ஆனால் கிருமி உள்ளே இருக்கும். லேகியக்காரன் பெயர் வாங்குவது இதனால்தான். புண் தானாக ஆறியிருக்கும். காசு அவனுக்குப் போயிருக்கும்!

இந்த நோய்களுக்குப் 'பொம்பளைச் சீக்கு' என்று பெயர் வைத்தவர்கள் ஆண்கள். வீட்டிலிருக்கும் பாவப்பட்ட மனைவிக்கு அதைக் கொண்டுவந்து கொடுப்பவர்களும் பெரும்பாலும் அவர்களே.

ஓர் இரவுத் தவறால் நோய் வந்தே தீரும் என்பதில்லை. வராது என்றும் சொல்ல முடியாது. சோதித்தால்தான் தெரியும். எய்ட்ஸ் கிருமி பற்றிய பயமானால் 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போக வேண்டும். தேவைப்பட்டால் 28 நாள் மாத்திரை கொடுத்துத் தடுப்பார்கள். சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் சோதனைக்குக் காசில்லை. விஷயம் வெளியே போகாது.

சுப்பாராவ் இதையெல்லாம் பார்க்க இருக்கவில்லை. 1948 ஆகஸ்டில், நியூயார்க்கில், தூக்கத்திலேயே மாரடைப்பால் காலமானார். வயது 53. ஊரில் விட்டுவந்த மனைவி சேஷகிரியை 1922-க்குப் பிறகு அவர் பார்க்கவே இல்லை. 1995-ல், அவர் பிறந்த நூறாம் ஆண்டில், இந்திய அரசு அவர் படம் போட்ட தபால் தலையை வெளியிட்டது.