கல்லெழுத்திலிருந்து ஆய்வுரைக்கு: கல்வெட்டறிஞர் வி. வெங்கையாவின் வாழ்வும் நெறியும்

முன்னுரை

கோயிற்சுவரில் உள்ள கல்வெட்டு தானாகவே வரலாற்றுச் சான்றாகிவிடுவதில்லை. அதனைப் படியெடுத்து, பாடம் வகுத்து, பொருள் கூறி, பிறர் சரிபார்க்கும் வண்ணம் ஆய்விதழில் அச்சேற்றும்போதுதான் அது சான்றாகின்றது. தமிழகக் கல்வெட்டுகளை இவ்வழியில் அறிவுலகிற்குக் கொணர்ந்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர் ராய் பகதூர் வி. வெங்கையா (1864–1912). அவருடைய வாழ்க்கையை, அவர் தம் ஆய்வுரைகளை ஆயத்தம் செய்த நெறியின் வழியே இக்கட்டுரை நோக்குகின்றது.

பிறப்பும் பணியும்

பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணிக்கு அருகிலுள்ள வளையாத்தூரில் 1864ஆம் ஆண்டு வெங்கையா பிறந்தார். அவ்வூர் அக்காலத்தில் வட ஆற்காடு மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அவர் பட்டம் பெற்ற துறை இயற்பியல் ஆகும். செருமானிய அறிஞர் ஹுல்ட்ஸ் 1886இல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராகப் பொறுப்பேற்றபின், வெங்கையா அவருக்கு உதவியாளராகச் சேர்ந்தார். 1903இல் ஹுல்ட்ஸ் ஹாலே பல்கலைக்கழகப் பேராசிரியராகத் தாயகம் திரும்பியபோது அப்பொறுப்பு வெங்கையாவிடம் வந்தது. 1908 முதல் மறையும்வரை இந்திய அரசின் கல்வெட்டாய்வாளராக விளங்கினார்.

ஆய்வுரை உருவான முறை

ஈரத்தாளைக் கல்லின்மீது பரப்பி, தூரிகையால் எழுத்துப் பள்ளங்களில் படியுமாறு அடித்து, மை ஒற்றி எடுப்பதே மைப்படி. ஒவ்வொரு மைப்படிக்கும் அவ்வாண்டின் வரிசையெண் இடப்பட்டு, ஆண்டறிக்கையில் பதிவு செய்யப்பட்டது. எனவே ஆய்வாளரின் கூற்றை ஐயுறுவோர் எந்தக் கல்லை, எந்தப் படியைக் காணவேண்டும் என்பது தெளிவாக இருந்தது.

அடுத்த நிலை பாடம் வகுத்தல். புள்ளியிடப்படாத மெய்யும், எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடு காட்டாத எழுத்தும், இடையிடையே கிரந்தமும் கலந்த வரிகளில் ஒரு சொல் பலவாறு படிக்க இடந்தரும். ஆகவே கல்லில் உள்ளது உள்ளவாறே மூலமாக அச்சிடப்பெற்றது. ஐயத்திற்குரிய எழுத்துகள் பகர அடைப்பினுள் நின்றன. திருத்தம் அடிக்குறிப்பிற்குச் சென்றது. கண்டதும் கருதியதும் ஒன்றோடொன்று கலவாமல் காத்த இம்முறையையே வெங்கையா தம் கட்டுரைகளில் பின்பற்றினார்.

ஆற்காட்டிற்கு அண்மையிலுள்ள பஞ்சபாண்டவர் மலையின் சமணக் கல்வெட்டுகளை அவர் ‘எபிகிராபியா இண்டிகா’வின் 4ஆம் தொகுதியில் பதிப்பித்தார். பல்லவன் நந்திப்போத்தரசனின் 50ஆம் ஆட்சியாண்டில் இயக்கி உருவம் ஒன்று செய்விக்கப்பட்டதை ஒரு கல்வெட்டு கூறுகின்றது. இலாடமாதேவியின் வேண்டுகோளால் அங்குள்ள பள்ளிக்கு அவள் கணவன் வீரசோழன் அளித்த கொடையை மற்றொன்று கூறுகின்றது. தாம் பிறந்த வட்டாரத்தின் சமண வரலாற்றுக்கு அவர் அளித்த ஆவணம் இது.

உத்தரமேரூர்க் கல்வெட்டுகள்

முதற் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சார்ந்த உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 1898ஆம் ஆண்டுத் தொகுப்பில் முதல் இரண்டு எண்களைப் பெற்றன. குடவோலை முறையில் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க மகாசபை வகுத்த விதிகள் இவை. ஆண்டறிக்கையில் இவை பற்றிய செய்தி முன்னரே வெளிவந்தது. எனினும் வெங்கையாவின் விரிவான கட்டுரை தொல்லியல் துறையின் 1904–05 ஆண்டறிக்கையில்தான் இடம்பெற்றது.

இரண்டு கல்வெட்டுகளையும் ஒப்பிட்டுக் காண்பதன் பயன் இங்கு வெளிப்படுகின்றது. முதல் விதியில் 30 முதல் 60 வரை இருந்த வயதெல்லை, இரண்டே ஆண்டுகளில் 35 முதல் 70 வரை என மாற்றப்பட்டது. கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். தன் விதியின் குறையைத் தானே உணர்ந்து திருத்திய சபை ஒன்று 10ஆம் நூற்றாண்டில் இயங்கியமை இவ்வொப்பீட்டால் விளங்குகின்றது. ஒரு கல்வெட்டை மட்டும் கொண்டு விரைந்து எழுதியிருப்பின் இவ்வுண்மை புலப்பட்டிராது.

இலக்கியக் காலக்கணிப்பு

திருஞானசம்பந்தரைக் கால்டுவெல் 13ஆம் நூற்றாண்டினராகக் கருதினார். மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை 1890களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வுரையில் இதனை மறுத்து, சம்பந்தர் காலம் மிகவும் முற்பட்டதென நிறுவினார். ஆயினும் உறுதியான ஓர் ஆண்டுடன் இணைக்கும் சான்று தேவைப்பட்டது. சம்பந்தர் காலத்தவரான சிறுத்தொண்டர் வாதாபியை அழித்த படைத்தலைவர் எனப் பெரியபுராணம் கூறுகின்றது. வாதாபியை வென்றவன் முதலாம் நரசிம்மவர்மன் எனப் பல்லவர் செப்பேடுகள் கூறுகின்றன. இவ்விரண்டையும் வெங்கையா இணைத்துக் காட்டினார். அப்போரின் காலம் ஏறத்தாழ கி.பி. 642 ஆதலின், தேவார ஆசிரியர் காலம் 7ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது. புராணச் செய்தி செப்பேட்டால் சோதிக்கப்பட்ட பின்னரே இங்குச் சான்றாயிற்று.

முடிவுரை

வெங்கையா 1912இல், 50 வயதை எட்டுமுன்னரே மறைந்தார். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளைக் கொண்ட தொகுதியின் எஞ்சிய பணியை அவருக்குப்பின் வந்த கிருஷ்ண சாஸ்திரி நிறைவு செய்தார். உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை 1930களில் நீலகண்ட சாஸ்திரியும் கே.வி. சுப்பிரமணிய ஐயரும் மீண்டும் ஆய்ந்து பதிப்பித்தனர். மூலத்தை மறைக்காமல் வெங்கையா வெளியிட்டிருந்தமையால், பின்வந்தோர் அவரோடு ஒப்பவும் மாறுபடவும் இயன்றது. தன் முடிவைச் சோதிப்பதற்கான கருவியையும் படிப்பவர் கையில் உடன் அளிப்பதே ஆய்வுரையை ஆயத்தம் செய்தலாகும். வெங்கையாவின் கட்டுரைகள் நூறாண்டு கடந்தும் பயன்படுவதற்கு இந்நெறியே காரணம் எனலாம்.