சேர் தோமஸ் பௌச்: பாலம் தந்த புகழும் பழியும்

விக்டோரியா மகாராணியார் காலத்துப் பொறியியலாளருள், பெரும் புகழையும் பெரும் பழியையும் பதினாறு மாதங்களுக்குள் கண்டு மறைந்தவர் சேர் தோமஸ் பௌச் ஆவர்.

1822 ஆம் ஆண்டு, வட இங்கிலாந்திலே கம்பர்லாந்துப் பகுதியிலுள்ள தேர்ஸ்பி என்னும் சிற்றூரில், கப்பற்றலைவர் ஒருவரின் மைந்தராகப் பிறந்தார். இளமையிலேயே புகையிரதப் பாதை வேலையிற் புகுந்த அவர், 1849 இல் ஸ்கொத்லாந்துப் பாதையொன்றின் முகாமையாளரானார். அப்பாதையை ஃபோர்த், டே என்னும் நதிகளின் அகன்ற கழிமுகங்கள் மறித்து நின்றன. 1850 இல், சரக்கு வண்டிகளைச் சுமையோடு கப்பலில் ஏற்றி ஃபோர்த்தைக் கடத்தும் முறையை அமைத்தார். எனினும், இரண்டிற்கும் பாலம் இடுவதே அவர் உள்ளத்தில் வேரூன்றிய கனவாயிற்று.

குறைந்த செலவிற் பாதை அமைப்பவர் என அவர் பெயர் பெற்றார். அவ்வாற்றல் சிறந்து விளங்கியது பெலா பள்ளத்தாக்குப் பாலத்திலே. 196 அடி உயரத்தில், வார்ப்பிரும்புத் தூண்களை நிறுத்தி அமைத்த அப்பாலத்திற் பாதை 1861 இல் திறக்கப்பட்டது. அதன் கால்கள் அடியில் அகன்று மேலே குறுகியிருந்தன. குறுக்குச் சட்டங்களும் செம்மையாகப் பொருத்தப்பட்டிருந்தன. மலைக்காற்றை நூறாண்டு தாங்கிய அது, பாதை மூடப்பட்டபின் 1963 இற் கழற்றப்பட்டது.

டே பாலத்தின் வேலை 1871 இல் தொடங்கியது. ஆற்றின் அடியிற் பாறை உண்டென நம்பி வகுத்த திட்டம், பாறை இல்லையெனத் தெரிந்ததும் மாற்றப்பட்டது. பாரத்தைக் குறைக்கச் செங்கற்கால்களுக்குப் பதிலாக ஒடுங்கிய வார்ப்பிரும்புத் தூண்கள் எழுந்தன. வார்ப்பில் விழுந்த துவாரங்கள் மெழுகும் இரும்புத்தூளும் குழைத்துப் பூசி மறைக்கப்பட்டன. காற்றின் விசைக்கெனத் தனிக் கணிப்பு எதனையும் பௌச் செய்யவில்லை.

ஏறத்தாழ இரண்டு மைல் நீளமான அப்பாலம் 1878 யூன் மாதம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு மகாராணியார் அதன்மீது பயணஞ் செய்தார். பௌச் சேர் பட்டம் பெற்றார். பாலத்தைக் கண்காணித்தவரோ இரும்பு வேலையிற் பயிற்சியில்லாதவர். தளர்ந்த சட்டங்களைக் கண்ட அவர், ஆப்பு வைத்து இறுக்கியதோடு அமைந்தார். உடனே பௌச்சுக்கு அறிவித்தாரில்லை.

1879 டிசம்பர் 28 ஆம் நாள் இரவு, கடும்புயலில் பாலத்தின் உயர்ந்த நடுப்பகுதி முழுவதும் சரிந்தது. அதன்மேற் சென்ற புகையிரதமும் ஆற்றில் வீழ்ந்தது. அதிலிருந்தோர் ஒருவரும் பிழைத்திலர்.

திட்டம், கட்டுமானம், பராமரிப்பு மூன்றும் பழுதெனக் கூறிய விசாரணைக்குழு, பௌச்சையே முதன்மைப் பொறுப்பாளராகக் கண்டது. அத்திவாரம் இடப்பட்டிருந்த அவரது ஃபோர்த் பாலத் திட்டமும் கைவிடப்பட்டது. உடல்நலம் குன்றி, 1880 ஒக்டோபர் 30 இல் அவர் காலமானார்.

சதுர அடிக்கு 56 இறாத்தல் காற்றழுத்தத்தைத் தாங்குமாறு பாலங்கள் அமைதல் வேண்டுமென்னும் விதி அவ்வீழ்ச்சியின் பின்னரே வகுக்கப்பட்டது. டேயில் 1887 இலும், ஃபோர்த்தில் 1890 இலும் பிறர் அமைத்த பாலங்கள் இன்றும் நிற்கின்றன. புதிய டே பாலத்தின் அருகே பழைய தூண்களின் அடிகள் நீருக்குமேல் தெரிகின்றன. பெலாவிற் பேணிய கவனத்தை டேயிற் பேணாமையே பௌச்சின் குற்றம். சிக்கனத்தால் உயர்ந்த அவர், எதனைச் சிக்கனஞ் செய்யலாகாது என்பதை மறந்தமையால் வீழ்ந்தார்.