டி.வி-யைக் காட்டியவர்... கோட்டுக் கணக்கில் தோற்றவர்! - ஜான் லோகி பேர்டு கதை

வீட்டு அலமாரியில கிடக்குற அப்பா-அம்மா கல்யாண டி.வி.டி-யை காப்பி பண்ணி, மொபைல்ல போட்டுப் பார்த்திருக்கீங்களா? எல்லாம் நல்லாத்தான் போகும். அட்சதை போட யாராவது கையை வீசினா மட்டும், கையோட ஓரம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடா பிரியும். டிஸ்க் கெட்டுப்போச்சுன்னு நினைச்சிருப்பீங்க. இல்லை. அந்தக் கோடுகளுக்குப் பின்னாடி ஒரு பழைய போட்டி இருக்கு. 1936, லண்டன். அதுல தோற்றவரை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். டெலிவிஷனைக் கண்டுபிடிச்சவர் யாருன்னு பொது அறிவுப் புத்தகத்துல மனப்பாடம் பண்ணினோமே, அதே ஜான் லோகி பேர்டுதான்.

1888 ஆகஸ்ட் 13-ல ஸ்காட்லாந்தின் ஹெலன்ஸ்பர்க் ஊர்ல, ஒரு பாதிரியார் வீட்டுல பிறந்தவர். சின்ன வயசுலேர்ந்தே உடம்பு சரியில்லை. முதல் உலகப்போருக்குப் பட்டாளத்துல சேரப் போனார், உடல் தகுதி இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. கால் ஜில்லுன்னு இருக்குன்னு சாக்ஸுக்குள்ள போடுற சாக்ஸ் வித்தார். டிரினிடாட் தீவுக்குப் போய் ஜாம் காய்ச்சினார். திரும்பி வந்து சோப்பு வித்தார். இப்போ இருந்திருந்தா `சீரியல் ஆன்ட்ரப்ரனர்'னு பயோவுல போட்டிருப்பார்!

1923-ல உடம்பைத் தேத்த ஹேஸ்டிங்ஸ் கடற்கரை ஊருக்கு வந்தவர், அங்கேதான் டெலிவிஷன்ல இறங்கினார். காசு கிடையாது. பழைய டீப்பெட்டி, தொப்பி வைக்கிற அட்டைப்பெட்டி, தையல் ஊசி, சைக்கிள் விளக்குக் கண்ணாடி, அரக்கு, பசை... இதுதான் லேப். ஒருநாள் ஷாக் அடிச்சுத் தூக்கி எறிய, வீட்டுக்காரர் இடத்தைக் காலி பண்ணச் சொல்லிட்டார். லண்டனுக்கு வந்தார்.

விஷயம் இதுதான். ஒரு படத்தை அப்படியே அனுப்ப முடியாது. கோடு கோடா அறுத்து, ஒவ்வொரு கோடா அனுப்பி, அந்தப் பக்கம் திரும்ப அடுக்கணும். ஓட்டை போட்ட ஒரு வட்டத்தட்டைச் சுழலவிட்டு பேர்டு அதைச் செஞ்சார். 1925 அக்டோபர் 2-ம் தேதி, ஒரு பொம்மையோட முகம் வெறும் 32 கோட்டுல தெரிஞ்சது. கீழே ஓடி, வில்லியம் டெயின்டன்ங்கிற ஆபீஸ் பையனைக் கூட்டிட்டு வந்து விளக்கு முன்னாடி உட்காரவெச்சார். சூடு தாங்காம நெளிஞ்ச பையனுக்குக் காசு கொடுத்துச் சமாளிச்சார்னு சொல்வாங்க. 1926 ஜனவரி 26-ல விஞ்ஞானிகளை அழைச்சு, மாடி அறையில காட்டினார். 1928-ல அட்லாண்டிக் தாண்டி நியூயார்க் பக்கம் வரைக்கும் படம் போச்சு.

உச்சத்துல இருந்த மனுஷனுக்கு எதிரா மார்கோனி-ஈ.எம்.ஐ கம்பெனி வந்தது. எது நல்லா இருக்குன்னு பார்க்க, பி.பி.சி 1936 நவம்பர் 2-லேர்ந்து ரெண்டையும் மாத்தி மாத்தி ஒளிபரப்பினது. பேர்டோடது 240 கோடு, விநாடிக்கு 25 முழுப்படம், மேலேர்ந்து கீழே வரிசையா. இன்னிக்கு நீங்க 1080பி-னு பார்க்குற `பி' இருக்கே, புரோகிரசிவ், அந்த வகை. (அதுக்காக பேர்டுதான் `பி'யைக் கண்டுபிடிச்சார்னு வாட்ஸ்அப்ல வந்தா நம்பிடாதீங்க.) எதிராளியோடது 405 கோடு. முதல்ல ஒத்தைப்படைக் கோடுகள், அப்புறம் இரட்டைப்படைக் கோடுகள். இதுதான் இன்டர்லேஸ்.

எதுக்கு இந்தச் சுத்துவழி? படக்குழாய்ல வெளிச்சம் சட்டுனு மங்கிடும். விநாடிக்கு 25 தடவை வரைஞ்சா கண்ணுக்குப் படபடன்னு மினுக்கும். 50 முழுப்படம் அனுப்பினா ரெண்டு மடங்கு அலைவரிசை வேணும். அதனால 50 அரைப்படம்! டேட்டா பேக் அதேதான், மினுக்கல் பாதி. அந்தக் காலத்துக்கு அது கெட்டிக்காரத்தனம், மறுக்க முடியாது.

ஆனா என்னைக் கேட்டா, பேர்டைக் கவிழ்த்தது கோடு மட்டும் இல்லை, கேமரா. எதிராளிகிட்ட எலெக்ட்ரானிக் கேமரா, தோட்டத்துக்கே தூக்கிட்டுப் போகலாம். பேர்டு பக்கம் ஃபிலிம்ல எடுத்து, அங்கேயே கழுவி, ஈரத்தோட ஸ்கேன் பண்ணி அனுப்பணும். `நேரலை' கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் லேட்டு. நவம்பர் 30-ல கிரிஸ்டல் பேலஸ் தீப்பிடிச்சு, அங்கிருந்த அவரோட ஆய்வுக்கூடமும் சாம்பலாச்சு. 1937 பிப்ரவரியில பி.பி.சி அவரைக் கைவிட்டது.

டி.வி உலகம் இன்டர்லேஸ்லயே ஓடி, அது டி.வி.டி வரைக்கும் வந்தது. நம்ம ஊர் பால் முறையில 576 கோடு, விநாடிக்கு 50 அரைப்படம். கல்யாண கேமரா ஒரு பாதியை எடுத்து, ஐம்பதுல ஒரு விநாடி கழிச்சு மறுபாதியை எடுத்தது. அதுக்குள்ள கை நகர்ந்துடுச்சு. குழாய் டி.வி ஒண்ணொண்ணா காட்டும், தெரியாது. உங்க மொபைல் ரெண்டையும் சேர்த்துக் காட்டுது, சீப்பு வந்துடுது. மொபைலுக்கு மாத்தும்போது `டீஇன்டர்லேஸ்' போட்டு 50 ஃப்ரேமா எடுங்க. பழைய டேப்லேர்ந்து புதுசா டி.வி.டி போடுறதா இருந்தா இன்டர்லேஸாவே விடுங்க. எந்தப் பாதி முதல்லங்கிற வரிசையை மட்டும் மாத்திடாதீங்க, படம் முன்னும் பின்னும் குதிக்கும். ஒரிஜினல் டிஸ்க்கை தூக்கிப் போடவே போடாதீங்க.

பேர்டு என்ன ஆனார்? போர்க்காலத்துல குண்டுமழைக்கு நடுவுல, வீட்டு ஆய்வுக்கூடத்துல கலர் டி.வி பண்ணிக்கிட்டிருந்தார். 1944 ஆகஸ்ட்ல சுழல்தட்டே இல்லாத, முழு எலெக்ட்ரானிக் கலர் திரையைக் காட்டினார். 600 கோடு. அதுலயும் என்ன முறை தெரியுமா? இன்டர்லேஸ்!

போருக்காக மூடியிருந்த பி.பி.சி டெலிவிஷன் 1946 ஜூன் 7-ல திரும்பத் தொடங்கினது, அதே 405 கோட்டுல. சரியா ஒரு வாரம் கழிச்சு, ஜூன் 14-ம் தேதி, பெக்ஸ்ஹில் கடற்கரை ஊர்ல பேர்டு இறந்துபோனார். வயசு 57. அவரைத் தோற்கடிச்ச 405 கோட்டு ஒளிபரப்பை பிரிட்டன் அணைச்சது 1985 ஜனவரியில.