வேதியியல்காரர் நாய்க்கடிக்கு மருந்து கண்ட கதை

நம்ம அறிவியல் புத்தகத்தில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எல்லாம் தனித்தனிப் பாடம். ஒன்று பிடித்தால் இன்னொன்று பிடிக்காது. (எனக்குப் பிடிக்காதது இயற்பியல்.) ஆனால் உயிர்த் தொழில்நுட்பத்துக்கு வழி போட்ட லூயி பாஸ்டர் மூன்றையும் சேர்த்தே பார்த்தவர்.

1822-இல் பிரான்ஸில் டோல் என்ற ஊரில் பிறந்தார். அப்பாவுக்குத் தோல் பதனிடும் தொழில். சின்ன வயதில் பாஸ்டர் நன்றாகப் படம் வரைவார். படித்தது இயற்பியலும் வேதியியலும். மருத்துவம் படிக்கவே இல்லை. இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

1848-இல் ஓர் உப்பின் படிகங்களை நுண்ணோக்கியில் பார்த்தார். இடது கை, வலது கை மாதிரி இரண்டு விதம் இருந்தன. இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிரித்தார்! எவ்வளவு பொறுமை வேணும்!

1856-இல் லில் நகரில் பீட்ரூட் சாராய ஆலைக்காரர் ஒருவர், தொட்டியில் சரக்கு கெட்டுப்போகிறது என்று வந்தார். அதே நுண்ணோக்கியை அங்கே கொண்டுபோனார். நல்ல தொட்டியில் உருண்டையான ஈஸ்ட், கெட்டதில் குச்சி மாதிரி வேறு நுண்ணுயிர்கள். நம்ம வீட்டில் இட்லி மாவு புளிப்பதும் நுண்ணுயிர்களால்தான். அளவாகச் சூடாக்கினால் கெடுக்கும் கிருமி சாகும் என்று பிறகு காட்டினார். பால் பாக்கெட்டில் போட்டிருக்கும் பாஸ்சுரைஸ்டு என்பது அவர் பெயர்தான்.

1865-இல் பட்டுப்புழு நோயைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். அதற்கு முன் பட்டுப்புழுவைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது! முட்டையிட்ட தாய்ப்பூச்சியை அரைத்து நுண்ணோக்கியில் பார்த்து, நோய் இருந்தால் அந்த முட்டைகளை ஒதுக்கச் சொன்னார். இன்றும் இந்தச் சோதனை செய்கிறார்கள். இந்த வேலைக்கு நடுவில், 1868-இல், பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. அப்பவும் விடவில்லை.

1885 ஜூலை 6. வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுப் பையனை அவன் அம்மா கூட்டிவந்தார். நோய் வந்த முயலின் தண்டுவடத்தை உலர்த்தி பாஸ்டர் செய்த மருந்து அதுவரை நாய்களுக்குப் போட்டுப் பார்த்தது. போட்டால் என்ன ஆகுமோ, போடாவிட்டால் பையன் செத்துப்போகலாம். அவர் டாக்டர் இல்லை, ஊசி போட அவருக்கு உரிமையும் இல்லை. ஒரு டாக்டர்தான் போட்டார். மொத்தம் 13 ஊசி. பாஸ்டர் ராத்திரியெல்லாம் தூங்கவில்லையாம். பையன் பிழைத்துக்கொண்டான்.

1895-இல் பாஸ்டர் இறந்தார். நம்ம குன்னூரில் அவர் பெயரில் 1907-இல் நிறுவனம் வந்தது. மைஸ்டர் பெரியவனாகி, பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்திலேயே காவலாளி வேலை பார்த்தான்.

— 9-ஆம் வகுப்பு மாணவி